ஸ்கேன் கதிர் இதயச் சதையைக் கரைக்குமா?

"இதயச் சதைத் தடிப்பை ஸ்கேன் கதிரே கரைத்துவிடும், ஊசி வேண்டாம், மாத்திரையை நிறுத்தலாம்" என்று மதுரை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

எக்கோ ஸ்கேன் ஒலி அலைகளால் இதயத்தின் படம் காட்டும், அவ்வளவுதான். சிகிச்சை வேறு: தடித்த சதைக்குள் ஆல்கஹால் செலுத்துவது. தொடை அல்லது மணிக்கட்டு ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் எனும் மெல்லிய குழாயைச் செலுத்தி, இதய அறைகளுக்கு இடையே தடித்த சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் சிறு கிளையைப் பலூனால் அடைப்பார்கள். முதலில் அந்தக் கிளையில் கான்ட்ராஸ்ட் மருந்து (எக்கோ படத்தில் பளிச்சென்று தெரியும் மருந்து) செலுத்தப்படும். எக்கோ திரையில் எந்தச் சதை வெளுத்து மின்னுகிறதோ, ஆல்கஹால் அங்கேதான் போய்ச் சேரும். வால்வைத் தாங்கும் தசை மின்னினால் அந்தக் கிளையை விட்டுவிடுவார்கள். சரியான இடம் என்றால் மட்டுமே சில மில்லி சுத்த ஆல்கஹால் செலுத்தி அந்தச் சதையைச் செயலிழக்க வைப்பார்கள். (பிராந்தி குடித்தால் இந்தப் பலன் வராது. அதையும் கேட்கிறார்கள்!)

1994இல் லண்டனில் இதய மருத்துவர் உல்ரிச் சிக்வார்ட் தொடங்கிய முறை இது. மாத்திரைக்கு அடங்காத, இதயத்திலிருந்து வெளியேறும் ரத்தத்தைத் தடித்த சதை தடுக்கும் நோயாளிகளுக்கே பொருந்தும். சிலருக்குப் பின்னர் பேஸ்மேக்கர் தேவைப்படலாம்.

அமெரிக்க இதயச் சங்கத்தின் 2024 வழிகாட்டுதலில் சரிபார்க்கலாம். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இதயப் பிரிவிலும் கேட்கலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அந்தச் செய்தி வந்தால் யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.