என் முக்கோணத்தை யாரும் திருத்த வேண்டாம்

இன்று மாலை ஒரு மென்பொருள் எனக்கு முக்கோணம் வரையக் கற்றுக்கொடுத்தது. நான் 11 ஆண்டுகளாகக் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். அதில் கடைசி 6 ஆண்டுகள் முழுக்கத் திரைக்கு முன்னால்தான் கழிந்திருக்கின்றன. ஆனாலும் எனக்கு நேராக ஒரு கோடு இழுக்க வராது என்று, நேற்றிரவு என்னைக் கேட்காமலேயே அப்டேட் ஆகிக்கொண்ட, இணைய வகுப்பில் நான் எழுதிக்காட்டும் ஒயிட்போர்டு செயலி முடிவுகட்டிவிட்டது.

அப்டேட்டுக்கு மறுநாள் வகுப்பு எப்படித் தொடங்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பேனா இருந்த இடத்தில் ஏதோ ஒரு நட்சத்திரக் குறி மினுக்கிக்கொண்டிருக்கும். அழிப்பான் மூன்று புள்ளிகளுக்குள் போய்ப் பதுங்கியிருக்கும். மாணவி "வணக்கம் மிஸ்" என்று வாயைத் திறக்கும் அதே நொடியில் 'புதிய வசதிகளை அறிந்துகொள்ளுங்கள்' என்ற பெட்டி பாதித் திரையை மறைத்துக்கொண்டு வந்து நிற்கும். இதற்கெல்லாம் கோபப்படுவதை நான் எப்போதோ நிறுத்திவிட்டேன். என் கோபம் அந்த முக்கோணத்தைப் பற்றியது.

பாடம் மிக எளியது. முக்கோணத்தின் ஓர் உச்சியிலிருந்து எதிர்ப்பக்கத்துக்குக் குத்துக்கோடு (செங்குத்தாக இறங்குவது), நடுக்கோடு (அந்தப் பக்கத்தின் நடுப்புள்ளிக்குப் போவது), கோண இருசமவெட்டி (உச்சிக் கோணத்தைச் சரிபாதியாக்குவது) ஆகிய மூன்றையும் வரைந்து, அவை மூன்றும் வெவ்வேறு கோடுகள் என்பதைக் காட்ட வேண்டும். மூன்று பக்கங்களும் வெவ்வேறு நீளமுள்ள அசமபக்க முக்கோணத்தில் கோண இருசமவெட்டி எப்போதும் மற்ற இரண்டுக்கும் நடுவில்தான் போகும். அந்த அழகைக் கண்ணால் பார்த்துவிட்ட பிள்ளைக்கு அது பிறகு மறக்காது. அதற்கு முக்கோணம் ஒரு பக்கமாக நன்றாகச் சாய்ந்திருக்க வேண்டும். ஆகவே, வேண்டுமென்றே, பார்த்தவுடன் கோணல் என்று தெரியும்படி, ஒரு கோணல் முக்கோணத்தை வரைந்தேன்.

ஸ்டைலஸைத் திரையிலிருந்து எடுத்ததும் முக்கோணம் ஒருமுறை சிலிர்த்தது. அடுத்த நொடி, தலைமையாசிரியரைக் கண்ட மாணவனைப் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு, அப்பழுக்கற்ற இருசமபக்க முக்கோணமாக நின்றது.

சரி, போதுமான அளவுக்குச் சாய்க்கவில்லை போலும் என்று என்னையே நொந்துகொண்டு, இன்னும் அதிகமாகச் சாய்த்து வரைந்தேன். இம்முறை அது செங்கோண முக்கோணமாயிற்று. குத்துக்கோடு வரையப் போனால் அது பக்கத்தின் மீதே படுத்துக்கொண்டது. மூன்றாவது முறை, ஆமை வேகத்தில் வரைந்தேன், மீண்டும் இருசமபக்கம். நான்காவது முறை தந்திரமாக, மூன்று கோடுகளைத் தனித்தனியாக, சிறிது இடைவெளி விட்டுப் போட்டேன். இரண்டு கோடுகள் வரை அது ஒன்றும் பேசவில்லை. மூன்றாவது கோட்டின் முனை முதல் கோட்டை நெருங்கியதும், 'ஓ, நீங்கள் முக்கோணமா வரைய வந்தீர்கள், முதலிலேயே சொல்லியிருக்கலாமே' என்பதுபோல் மூன்றையும் ஒன்றாக இழுத்துத் தைத்து, சீவிச் சிங்காரித்து, அதே இருசமபக்க முக்கோணத்தை என் கையில் கொடுத்தது.

அன்டூ அழுத்தினேன். என் முக்கோணம் அசையவில்லை. அந்தப் பக்கத்தில் பிள்ளை பொறுமையாக எழுதியிருந்த ஏ, பி, சி ஆகிய மூன்று எழுத்துகள் காணாமல் போயின. பலகையில் கடைசியாக நடந்தது எதுவோ அது யாருடையதாக இருந்தாலும் அதை அழிப்பதுதான் அந்தப் பொத்தானின் நீதி.

நேரம் போகிறதே என்று, இருக்கும் முக்கோணத்திலேயே கோடுகளைக் கொஞ்சம் தள்ளித் தள்ளிப் போட்டுக் காட்டலாம் என்று பார்த்தேன். அங்கே காந்தம் ஒன்று காத்திருந்தது. குத்துக்கோட்டின் அடியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி நான் நிறுத்திய நடுக்கோடு, தானாகவே நழுவி வந்து அதன் மீது ஒட்டிக்கொண்டது. கோண இருசமவெட்டியும் அப்படியே. இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் இம்மூன்றும் ஒரே கோடாக இணைவது கணித உண்மைதான் என்பதால், மென்பொருளைக் குறை சொல்லவும் எனக்கு வழியில்லாமல் போயிற்று.

"மிஸ், மூணும் ஒரே கோடுதானே? அப்புறம் எதுக்கு மூணு பேரு?"

திரையில் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அந்தப் பிள்ளை கேட்டது முழுக்க நியாயம். 'எல்லா முக்கோணங்களும் இருசமபக்க முக்கோணங்களே' என்று நிறுவிக்காட்டும் போலி நிரூபணம் ஒன்று 19ஆம் நூற்றாண்டிலிருந்தே கணித வட்டாரத்தில் உலவி வருகிறது. ஓர் உச்சியின் கோண இருசமவெட்டியும் எதிர்ப்பக்கத்தின் மையக்குத்துக்கோடும் (பக்கத்தின் நடுப்புள்ளியில் செங்குத்தாக நிற்கும் கோடு) முக்கோணத்துக்கு வெளியே, மூன்று உச்சிகள் வழியாகவும் செல்லும் சுற்றுவட்டத்தின் மீது சந்திப்பதை, உள்ளே சந்திப்பதாகப் படம் போட்டு ஏமாற்றுவதுதான் அதன் சூட்சுமம். படத்தை நம்பாதே என்று பாடம் நடத்த அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. ஆனால் அந்தப் போலி நிரூபணத்துக்குக்கூட ஏழெட்டு வரிகள் தேவைப்பட்டன. என் ஒயிட்போர்டு அரை நொடியில் முடித்துவிட்டது.

1963இல் ஐவன் சதர்லாந்து என்ற அமெரிக்கக் கணினி விஞ்ஞானி மாசசூசெட்ஸில் 'ஸ்கெட்ச்பேட்' என்ற நிரலை உருவாக்கினார். ஒளிப்பேனாவால் திரையில் கிறுக்கிய கோட்டை நேராக்கவும், இரண்டு கோடுகளைச் சம நீளமாக்கவும், இணைகோடுகளாக்கவும் அதற்கு அப்போதே தெரியும். ஆனால் எதைச் சமமாக்க வேண்டும் என்பதை வரைபவர் சொல்ல வேண்டும், சொன்னால்தான் செய்யும். அறையை அடைத்துக்கொண்டு நின்ற அந்தப் பழைய கணினிக்கு இருந்த மரியாதை, மாதாமாதம் சந்தா வாங்கிக்கொள்ளும் இந்த ஒயிட்போர்டுக்கு இல்லை.

இதை அணைக்க வழி இல்லாமலா இருக்கும் என்று நீங்கள் கேட்பீர்கள். இருக்கிறது. செட்டிங்ஸில் நான்காவது அடுக்கில், 'படைப்பாற்றல் துணை' என்ற தலைப்பின் கீழே, சாம்பல் நிறத்தில் இருக்கிறது. சாம்பல் நிறம் ஏனென்றால், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது அதை மாற்ற முடியாதாம். வகுப்பு நடக்காதபோது நான் எதற்கு முக்கோணம் வரையப் போகிறேன்? உதவிக்கென்று வைத்திருக்கும் அரட்டைப் பெட்டியில், என் வடிவத்தை மாற்றாதே என்று எழுதினேன். 'முக்கோணம் வரைவதில் உங்களுக்குச் சிரமமா? இதோ எளிய வழி!' என்று ஒரு காணொளியை அனுப்பியது. அதில் வருபவர் கோணலாக ஒரு முக்கோணம் வரைகிறார். அது இருசமபக்க முக்கோணமாக மாறுகிறது. அவர் மகிழ்ச்சியில் சிரிக்கிறார்.

45 நிமிட வகுப்பில் 20 நிமிடம் இப்படிப் போனது. கடைசியில் ஒரு தாளில் முக்கோணத்தை வரைந்து கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தேன். பின்னணியை மங்கலாக்கும் வசதி அந்தத் தாளையும் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிட்டது. "நீயே தாளில் அளந்து ஓர் அசமபக்க முக்கோணம் வரைந்து, மூன்று கோடுகளையும் போட்டு அனுப்பிவிடம்மா" என்று சொல்லிவிட்டு வகுப்பை முடித்தேன்.

அனுப்பியிருக்கிறாள். ஸ்கேலும் பாகைமானியும் வைத்து, ஒழுங்காக, மூன்று கோடுகளுக்கும் மூன்று நிறங்கள் கொடுத்து வரைந்திருக்கிறாள். ஆனால் அவள் பயன்படுத்திய ஸ்கேனர் செயலி தாளின் ஓரத்தைத் தானே கண்டுபிடித்து வெட்டியதில், முக்கோணத்தின் மேல் உச்சி போய்விட்டது. வந்து சேர்ந்திருப்பது ஒரு நாற்கரம். அதைப் பார்த்துத் தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். மதிப்பெண் போட வேண்டும். போடும் பெட்டியை நேற்றைய அப்டேட்டில் எங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்றுதான் தேடிக்கொண்டிருக்கிறேன்.