'இன்ஃப்ளிக்ட்' என்ற ஒரு வினைச்சொல்

ஆஸ்திரேலியாவில் ஹை கோர்ட்தான் கடைசி வாசல். அதற்கு மேலே ஏறிப் போக இடமில்லை. சட்டத்தில் உள்ள ஒரு சொல்லுக்கு என்ன பொருள் என்பது பற்றி அங்கே வந்த இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்து வைத்துப் படித்ததிலிருந்து மனது ஒப்பவில்லை.

முதல் வழக்கு 1990இல். கட்டடத் தொழிலாளி ஒருவர் ஏசி காற்றுப்பாதையின் கம்பி மூடிகளைக் கழற்றுகிறார். ஒவ்வொன்றும் மூன்று போல்ட்டில் நிற்கிறது என்று மேற்பார்வையாளர் சொன்னதை நம்பியவர், மூடி நழுவிக் குழிக்குள் விழுந்தார். அப்போதிருந்த 1974 வணிக நடைமுறைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, 'வணிகத்தில்' தவறாக வழிநடத்தக் கூடாது என்றது. கோர்ட் அந்த 'இல்' உருபைப் பிடித்துக்கொண்டது. கம்பெனி ஆள் தன் தொழிலாளியிடம் சொல்வதெல்லாம் வணிகம் ஆகிவிடாது என்று குறுக்கிவிட்டது. சரி, நியாயம்தான்.

அடுத்தது 2017. தனக்கு எச்ஐவி இருப்பதை மறைத்து உறவு கொண்டு, இன்னொருவருக்கு அதைத் தொற்றவைத்தவர் மீதான நியூ சவுத் வேல்ஸ் வழக்கு. குற்றச்சட்டத்தின் 35ஆம் பிரிவில் இருந்த சொல் 'இன்ஃப்ளிக்ட்', கொடுங்காயம் 'இழைத்தல்'. நோயைத் தொற்றவைப்பது அதில் அடங்காது என்று 1888இலேயே இங்கிலாந்தில் தீர்ப்பு உண்டு. நான்கு நீதிபதிகள் அதை ஒதுக்கிவிட்டு, அடங்கும் என்றார்கள். நீதிபதி பெல் மட்டும் மறுத்தார்.

நான் பெல் பக்கம். தொற்றவைத்தவர் செய்தது கொடுமை, அதில் சந்தேகமில்லை. ஆனால் பக்கத்திலேயே 36ஆம் பிரிவு நோயைப் பெயர் சொல்லியே குறித்திருந்தது. வேண்டுமென்று செய்தால்தான் அது பொருந்தியது. நோய் என்று எழுதத் தெரிந்த சட்டமன்றம் 35இல் எழுதவில்லையே! தொற்று நடந்தது 2004இல். கொடுங்காயம் என்றால் நோயும் சேரும் என்று 2007இல்தான் திருத்தினார்கள். அதற்கு முந்தைய செயலுக்கு, பழைய சொல்லை இழுத்து நீட்டலாமா?

இதை வைத்து ஹை கோர்ட்டே கடுமையானது என்று சொல்லிவிட முடியாது. மெல்போர்ன் விமான நிலையத்தில் ஒருவர் பையின் பொய்த்தட்டில் ஹெராயின் கிடைத்த வழக்கில், அவருக்கு அது தெரிந்திருந்தது என்று அரசு நிரூபிக்க வேண்டும் என்று 1985இல் சொன்னதும் இதே கோர்ட்தான். அன்றைய சட்டத்தில் அப்படி ஒரு வார்த்தைகூட இருக்கவில்லை!

தண்டனைச் சட்டத்தில் சந்தேகம் வந்தால் குற்றம்சாட்டப்பட்டவர் பக்கம் சாய வேண்டும் என்ற பழைய விதி, மற்ற வழிகள் எல்லாம் தீர்ந்த பிறகு எடுக்க வேண்டிய கடைசி வழி மட்டுமே என்று அதே கோர்ட்டின் நீதிபதி கிப்ஸ் 1976இலேயே சொல்லிவிட்டார். சட்டத்தின் நோக்கத்தைப் பார் என்பதுதான் இப்போது முதல் வழி. வணிக வழக்கில் அது எனக்கு உறுத்துவதில்லை. தோற்பவர் பெரும்பாலும் பணத்தைக் கட்டிவிட்டுத் தப்புவார். இங்கே ஜெயில்.