வேலையை விடுவதற்கு முன் ஒரு மாரியைக் கடந்து பாருங்கள்

தனியார் நிறுவன வேலையை விட்டுவிட்டுத் தையற்கடை தொடங்கலாமா என்று சித்தியின் மகள் சென்ற கிழமை என்னிடம் கேட்டாள். கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று இன்றும் சொல்லுகிற யாழ்ப்பாணத்தில், மாதச் சம்பளத்தை விடப்போவதாக ஒரு பெண் சொன்னால் வீட்டில் என்ன நடக்கும் என்பதை நான் அறிவேன். ஆயினும், துணிவிருந்தால் போதும் என்று அவளுக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பதினொரு ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்துவிட்டுக் கறித்தூள் செய்து விற்கத் தொடங்கியபோது என்னிடம் துணிவு நிறையவே இருந்தது. கொடுத்த பொருளுக்குக் காசு கேட்கத்தான் வாய் வரவில்லை.

சந்தையடிக் கடையொன்றுக்கு நாற்பது பக்கற் கொடுத்திருந்தேன். விற்ற பின் காசு என்பது பேச்சு. மூன்றாம் முறை போனபோது என் தூள் அடுக்கியிருந்த தட்டு வெறுமையாகக் கிடந்தது. முதலாளி கல்லாவைத் திறக்காமலே, "பிறகு வாங்கோ தங்கச்சி" என்றார். நானும் ஓமென்று திரும்பிவிட்டேன். அலுவலகத்தில் நிலுவை அறவிடுவது என் அன்றாட வேலையாகவே இருந்தது. ஆனால், நிறுவனத்தின் பெயர் தாங்கிய கடிதத்தை நீட்டிக் கேட்பதும், தன் கையால் வறுத்த தூளுக்குத் தானே கேட்பதும் ஒன்றல்ல. இதைப் பழகிக்கொள்ள எனக்கு ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்தது.

அதற்கிடையில் மாரி வந்தது. ஐப்பசி, கார்த்திகையில் செத்தல் மிளகாய் முற்றத்துப் பாயில் காயாது. ஈரம் போகாமல் மில்லில் கொடுத்து அரைத்தால் தூள் கட்டிபட்டுப் பூஞ்சணம் பிடித்துவிடும். அந்த இரண்டு மாதமும் வருமானம் பாதிக்குக் கீழே போனது, பிள்ளைகளின் ரியூசன் காசோ குறையவில்லை.

சம்பளத்தையும் இலாபத்தையும் நேராக வைத்து ஒப்பிடுவதுதான் பலர் விடும் பெரிய பிழை. 60,000 ரூபாய் சம்பளக்காரர் ஒருவருக்கு, அவரிடம் கழிக்கும் 8 வீதத்துக்கு மேலாக, முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதமும் கட்டுகிறார். அதாவது கண்ணில் படாமல் மாதம் 9,000 ரூபாய் சேர்கிறது. சுயதொழிலில் அதை உங்களுக்காகக் கட்ட எவரும் இல்லை. ஐந்து ஆண்டு நிறைவதற்குச் சில மாதங்களே இருந்தால் பொறுத்திருப்பது நல்லது, ஏனெனில் பணிக்கொடை கிடைக்கும் உரிமை பொதுவாக அந்த ஐந்து ஆண்டைக் கொண்டே வருகிறது. பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவதெல்லாம் இவற்றோடு பார்க்கச் சிறிய வேலை.

ஆகவே, இப்போதே விலகல் கடிதம் கொடுக்க வேண்டாம் என்று தங்கச்சிக்குச் சொன்னேன். சனி, ஞாயிறுகளில் வெளியாருக்குச் சட்டை தைக்கட்டும். சொந்தக்காரருக்கும் கூலியைச் சொல்லி வாங்கட்டும். நூலுக்கும் மின்சாரத்துக்கும் போனதையும், தன் மணித்தியாலங்களையும் ஒரு கொப்பியில் எழுதட்டும். தைப்பொங்கல் கழிய அந்தக் கொப்பியோடு என் வீட்டுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.