ஊசி செய்த பாவத்துக்குப் பையன்கள் மேல் பழி

சனிக்கிழமை ஒரு விமர்சகர் பழைய இசைத்தட்டு ஒன்றை வீடியோவில் ஓட்டிக் காட்டிப் பஞ்சாயத்து பண்ணினார். "அறுபதுகளின் கராஜ் ராக் பையன்களுக்கு ரெக்கார்டிங்கே தெரியாது, ஒரே இரைச்சல்" என்று தீர்ப்பு. கராஜ் ராக்னா, வீட்டு கராஜில் கூடி வாசித்த பள்ளிப் பையன்களின் முரட்டு ராக் இசை. வீடியோவுக்குக் கீழே கைதட்டல் வேறு.

ஐயா, நீங்க ஓட்டின தட்டு வழக்கமான வினைல் பிளாஸ்டிக்கே இல்லை, ஸ்டைரீன்ங்கிற வேற பிளாஸ்டிக். லேபிள் தட்டோடு பதியாமல் மேலே ஒட்டியிருக்கறது வீடியோவிலேயே தெரியுதே! நகத்தால் சுண்டினால் வினைல் மொத்துனு கேட்கும், ஸ்டைரீன் டிக்குனு கேட்கும். அமெரிக்க ஆலைகள் பல, 45களை (நிமிஷத்துக்கு 45 சுற்று சுத்தற சின்னத் தட்டுகளை) அழுத்தி எடுக்காமல் ஸ்டைரீனை உருக்கி அச்சில் பாய்ச்சி வார்த்தன. வேகம், மலிவு. ஆனா வினைல் மாதிரி அது ஊசிக்கு நெளிந்து கொடுக்காது. தேய்ந்த ஊசியோ கனமான ஊசியோ ஓடினால் க்ரூவ், அதாவது ஊசி ஓடற பள்ளத்தோட சுவர் உதிரும். அந்த 'ஸ்ஸ்ஸ்' அழுக்கு இல்லை, தேய்மானம். எதில் கழுவினாலும் போகாது. அசிட்டோனில் கழுவினால் தட்டே போயிடும்.

அதில் போய் எலிப்டிகல் (நீள்வட்ட முனை) ஊசி! கூம்பு ஊசி போடுங்க. முனை ஆரம் 1 மில், அதாவது 25 மைக்ரான், கிடைத்தால் இன்னும் நல்லது. அது சுவரில் கொஞ்சம் மேலே உட்காரும், பழைய ஊசி தின்னாத இடம் கிடைக்கலாம். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பட்டனை அழுத்துங்க. ஒரே சேனலாப் பதிந்த மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில்தான் இருக்கு. மேல்-கீழ் அசைவில் வருவது வெறும் சத்தம், ரெண்டு சேனலையும் கூட்டினால் அது அடிபட்டுப் போகும். ஒரு பட்டன். ஒரே ஒரு பட்டன்.

ஆர்கன் ஆடுதாம், வாசித்தவர் போதையில் இருந்தாராம்! தட்டு மையம் அரை மில்லிமீட்டர் விலகினாலே, 70 மி.மீ. ஆரத்தில் சுருதி 0.7% ஏறி இறங்கும். தட்டின் பெரிய நடு ஓட்டைக்குள் போடற அடாப்டர் லூசா இருக்கா பாருங்க, கையாலயே நகர்த்திச் சரி பண்ணலாம்.

"ரெக்கார்டிங்கே கரகரதானே?"ன்னு வருவீங்க. சிலது ஆமாம். 1963இல் அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கிங்ஸ்மென் குழு 'லூயி லூயி' பாட்டைப் பதிந்தப்போ, பாடகர் ஜாக் ஈலி உயரத்தில் தொங்கிய மைக்கைப் பார்த்துக் கத்தினார். வரிகள் ஆபாசமான்னு எஃப்பிஐயே கேட்டுப் பார்த்து, எந்த வேகத்திலும் புரியலைன்னு விட்டது. டகோமா ஊரின் சோனிக்ஸ் குழு கரகரப்பை விரும்பியே வைத்தார்கள். ஆனா அது கிட்டாரிலும் குரலிலும், பாட்டு முழுக்க ஒரே அளவில் உட்கார்ந்திருக்கும். தேய்மானம் ஒவ்வொரு 'ஸ'விலும் கீறும், முடிவு நெருங்க நெருங்க மோசமாகும். ஏன்னா ஓரத்தில் நொடிக்கு சுமார் 40 செ.மீ. ஓடற க்ரூவ், லேபிள் பக்கம் 25 தான். இந்த வித்தியாசம் கேட்கலைன்னா விமர்சனம் எதுக்கு?

"டிஜிட்டலில் சுத்தமா இருக்கே!" மாஸ்டர் டேப் (மூலப் பதிவு நாடா) தொலைந்துபோன பாட்டுகளை இதே மாதிரித் தட்டிலிருந்துதான் எடுத்தாங்க. இரைச்சலை வடிகட்டும்போது சிம்பலும் சேர்ந்து போச்சு. அதுக்குப் பேர் சுத்தமா? பள்ளிக்கூடப் பையன்கள் கைக்காசு போட்டு சில நூறு தட்டு அச்சடித்தாங்க. அறுபது வருஷம் யார் யாரோ ஆணி மாதிரி ஊசியால் உழுதாங்க. திட்டு மட்டும் பையன்களுக்கு.

அந்தத் தட்டு இப்போ விற்பனைக்கு வந்திருக்கு. 'நல்ல நிலை'யாம்.