மின் ஊசி நரம்பை மரத்துப்போகச் செய்கிறதா?

“எலக்ட்ரோ அக்குபங்சரில் (உடலில் குத்திய ஊசிகள் வழியே மெல்லிய மின்சாரம் செலுத்தும் சிகிச்சை) கரண்ட் நரம்பை மரத்துப்போகச் செய்கிறது, மூட்டு வீக்க வலி தெரியாமல் போவது அதனால்தான்” என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

உண்மை நேர்மாறு. ஊசி குத்தும் இடத்தை மயக்க மருந்தால் மரக்கச் செய்தால் பலனே கிடைப்பதில்லை. தூண்டுதல் நரம்பு வழியே தண்டுவடத்தையும் மூளையையும் எட்டினால்தான் உடல் தன் சொந்த வலிநிவாரணிகளைச் சுரக்கும். எது சுரக்கும் என்பதும் மின்சாரத்தின் அதிர்வெண்ணைப் பொறுத்தது. பெய்ஜிங்கில் வலி ஆய்வாளர் ஹான் ஜிஷெங்கின் குழு கண்டது இது: நொடிக்கு 2 மின் துடிப்பு என்றால் என்கெஃபலின், எண்டார்ஃபின், 100 என்றால் டைனார்ஃபின். இவை மார்ஃபின் போலவே வேலை செய்யும் உடலின் வலிநிவாரணிகள். பாதம் வீங்கிய எலிகளுக்கு, மார்ஃபினை முறிக்கும் நலோக்சோனைக் கொடுத்தபோது இந்த நிவாரணமும் மங்கியது. மரத்த நரம்பை நலோக்சோனால் எழுப்ப முடியாதே!

இவற்றில் பெரும்பகுதி விலங்குச் சோதனை. இதை நம்பி முடக்குவாத மாத்திரையை நிறுத்த வேண்டாம். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் முதலில் இதய மருத்துவரைக் கேளுங்கள்.