முழங்கைக்கு ஒரு சிவப்பு வட்டம்

சபையின் வாட்ஸ்அப் குழுவில் வந்த அந்தப் படத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்று சிலர் போன் செய்து சொன்னார்கள். அன்போடுதான் சொன்னார்கள். "ஜெபத்தில் வையுங்கள் சிஸ்டர், பதில் பேசாதீர்கள்." ஜெபத்தில் வைத்தேன். இப்போது எழுதுகிறேன்.

நம் சபையில் அதைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டீர்கள். வாலிபர் ஞாயிறு ஆராதனை நடனத்தில் ஒரு பிள்ளை கையை மேலே தூக்குகிறாள், சட்டையின் கை கொஞ்சம் கீழே இறங்குகிறது. அந்த நொடியில் வீடியோவை நிறுத்தி, பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, "கர்த்தருடைய சமுகத்தில் இதுவா?" என்று கேட்டு யாரோ அனுப்பியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் இருப்பது முழங்கை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையின் முழங்கை. ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்க ஒருவருக்கு நேரம் கிடைத்திருக்கிறது என்பதை நினைத்து நான் வியக்கிறேன்.

கேள்வி இருந்தால் என்னிடம் கேளுங்கள். பாட்டைத் தேர்ந்தெடுத்தது நான், அசைவுகளை அமைத்தது நான், உடையைத் தைக்கக் கொடுத்தது நான், போதகரிடம் அனுமதி வாங்கியதும் நான். என் நம்பர் குழுவில் எல்லோரிடமும் இருக்கிறது. ஒருவர்கூட என்னைக் கூப்பிடவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவைக் கூப்பிட்டு, "பிள்ளையைக் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்" என்றார்கள். பெரியவளிடம் கேட்கத் தைரியம் இல்லை, பதினான்கு வயதுப் பிள்ளையிடம் வீரம்.

உடையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், பிறகு அதைப் பேச மாட்டேன். முழுக்கை, கணுக்கால் வரை தொளதொளவென்று அங்கி, உள்ளே லைனிங், அதற்குள் லெக்கிங்ஸ். தைத்து வந்ததும் ஒவ்வொரு பிள்ளையையும் கையைத் தூக்கச் சொல்லி, குனியச் சொல்லி, விளக்குக்கு எதிரே நிற்கச் சொல்லி, நானும் இன்னொரு அக்காவும் பார்ப்போம். கையைத் தூக்கினால் துணி இறங்கத்தான் செய்யும். மேலே ஏறுகிற துணி எங்காவது கிடைத்தால் சொல்லுங்கள், வாங்கி வருகிறேன்.

நடனம் என்றதும் ஏரோது ராஜாவுக்கு முன்னால் ஆடி, பரிசாக யோவான்ஸ்நானகனின் தலையைக் கேட்ட ஏரோதியாளின் மகளைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், தெரியும். ஏற்கெனவே ஒரு வாய்ஸ் மெசேஜில் நிறுத்தியாயிற்று. மாற்கு 6-ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். ஆடி முடித்த பிள்ளைக்கு என்ன கேட்பது என்று தெரியவில்லை. வெளியே போய்த் தாயிடம், "நான் என்ன கேட்கட்டும்?" என்கிறாள். யோவான்ஸ்நானகனின் தலையைக் கேள் என்று சொன்னது ஒரு பெரியவள். அதைக் கொடுக்கச் சொன்னது இன்னொரு பெரியவர். அந்தப் பகுதியை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நடனம் கண்ணில் படுவதில்லை. அந்த வயதுப் பிள்ளைகள் யாரிடமாவது போய்க் கேட்பார்கள், அங்கே யார் நிற்கிறார்கள் என்பதுதான் படுகிறது. என் ஊழியம் அவ்வளவுதான். அவர்கள் வந்து கேட்கும் இடத்தில் நிற்பது.

"அதற்கு நடனம் எதற்கு? வேதபாடம் வைத்தால் போதாதா?" வையுங்களேன். யார் வேண்டாம் என்றது? எங்களுக்கும் வேதபாடம் இருக்கிறது, நீங்கள் வந்து பார்த்ததில்லை. யாத்திராகமம் 15-இல் ஆரோனின் சகோதரி மிரியாம் தம்புரு எடுத்துக்கொண்டு ஆடப் புறப்படுவதைப் படித்துக்கொண்டிருந்தோம். ஒருத்தி கை தூக்கி, "அக்கா, மிரியாமுக்கு அப்போ என்ன வயசு?" என்றாள். பக்கங்களைத் திருப்பித் தேடினோம். பார்வோனிடம் பேசியபோது மோசேக்கு 80, ஆரோனுக்கு 83. நாணலுக்குள் குழந்தை மோசேயைக் காவல் காத்த அக்கா மிரியாம்தான் என்றால், அவருக்கும் 80-க்கு மேலேதான். ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. அப்புறம் கடைசி வரிசையிலிருந்து, "அப்போ நீங்களும் ஆடலாம்க்கா, இன்னும் டைம் இருக்கு" என்று ஒரு குரல். இந்தச் சிரிப்பு உங்கள் வேதபாடத்தில் கேட்கிறதா?

இன்னொன்று சொல்கிறேன், பெயரில்லாமல். எங்களோடு வந்த ஒரு பிள்ளை முதலில் நேராக நிற்கவே மாட்டாள். தோளைக் குறுக்கி, இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். பதினொன்று, பன்னிரண்டு வயதில் எத்தனை பிள்ளைகள் அப்படிக் கூனிப்போகிறார்கள் என்று பார்த்திருக்கிறீர்களா? நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒருநாள் பயிற்சி முடிந்து, நடனத்தில் அசைக்கும் கொடித்துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தோம். ஒரு முனை அவள் கையில், மறுமுனை என் கையில். துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள், மத்தியானச் சாப்பாட்டைக் கொஞ்ச நாளாகக் கீழே கொட்டிவிடுகிறாளாம், வகுப்பில் அவளைக் குண்டு என்கிறார்களாம். எதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருக்க மாட்டாள். கையில் வேலை இருக்கும்போது, நாம் முகத்தைப் பார்க்காதபோதுதான் இந்த வயதுப் பிள்ளைகள் பேசுகிறார்கள். அன்றே அவளோடு போய் அவள் அம்மாவிடம் பேசினோம், டாக்டரிடமும் போனார்கள். நீங்கள் பார்த்தது மேடையில் நடந்த சில நிமிஷம். நான் சொல்வது அந்தக் கொடித்துணி மடிக்கிற நேரத்தை.

உடம்பு என்றாலே மறைக்க வேண்டியது என்று மட்டும் சொல்லிச் சொல்லி வளர்க்கிறோம். 11 முதல் 17 வயதுப் பெண்பிள்ளைகளில் 85 சதவீதம் பேருக்குப் போதுமான உடல் அசைவே இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு 2019-இல் சொன்னது. பையன்களிலும் 78 சதவீதம் பேர் அப்படித்தான், அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அதற்கும் ஒரு வட்டம் வரும்.

"மற்றவர்களுக்கு இடறலாக இருக்கக் கூடாது, சிஸ்டர்." இதைச் சொல்கிறவர்கள் மத்தேயு 5-ஐ எங்கே விட்டுவிட்டு வந்தார்கள்? கண் இடறல் உண்டாக்கினால் உன் கண்ணைப் பிடுங்கிப் போடு என்றுதான் இயேசு சொன்னார். பார்க்கிறவனுடைய கண்ணை. எதிரே நிற்கிறவளின் சட்டைக்கையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வீடியோ எடுத்து வெளியே பரப்பலாமா என்று கேட்டால், சரி, அது நியாயமான கேள்வி. ஆனால் நாங்கள் பரப்பவில்லை. பெற்றோரின் கையெழுத்து இல்லாமல் ஒரு பிள்ளையின் படமும் எங்களிடமிருந்து போகாது. ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மட்டும் மூடிய அறைக்குள் இருப்பதில்லை, எப்போதும் இரண்டு அக்காமார் இருப்போம். இந்த ஒழுங்கெல்லாம் எங்களுக்கு உண்டு. படத்துக்கு வட்டம் போட்டவருக்கு என்ன ஒழுங்கு?

ஸ்பெயினின் செவில்யா பேராலயத்தில் பலிபீடத்துக்கு முன்னால் சிறுவர்கள் நடனமாடுவது நூற்றாண்டுகளாக நடக்கிறது. எத்தியோப்பியாவில் குருமார்களே கோலும் கையுமாக, உடன்படிக்கைப் பெட்டியின் அடையாளத்துக்கு முன்னால் ஆடுகிறார்கள். ஆண்கள் ஆடினால் பாரம்பரியம், எங்கள் பிள்ளைகள் கையைத் தூக்கினால் உலகம் உள்ளே வந்துவிட்டது. தாவீது ராஜா அந்தப் பெட்டிக்கு முன்னால் ஆடியதைப் பிரசங்கிக்கும்போது மட்டும் "ஆமென்" பலமாகக் கேட்கிறது. அவர் ஆடுவதைப் பலகணியிலிருந்து எட்டிப் பார்த்து அவமதித்த அவர் மனைவி மீகாளை அன்று எல்லோரும் திட்டுவோம். இப்போது பலகணி போன் அளவுக்குச் சுருங்கிவிட்டது, அவ்வளவுதான்.

நான் பெயருக்காகச் செய்கிறேன் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பயிற்சி முடிந்து, எல்லாப் பிள்ளைகளையும் அழைத்துப்போக வீட்டிலிருந்து ஆள் வரும்வரை வாசலில் நிற்பது யார் என்று அவர் ஒருநாள் வந்து பார்க்கட்டும். பல வருஷமாக இதைச் செய்கிறேன். "அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள்?" என்று இத்தனை வருஷத்தில் யாராவது என்னைக் கேட்டிருந்தால் இன்று எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. துணியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள், பாட்டின் சத்தத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். பிள்ளைகளைப் பற்றி இல்லை.

அந்தப் பிள்ளை இந்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. "தலைவலி" என்று அவள் அம்மா சொன்னார். நான் மேலே கேட்கவில்லை. அவளோடு எப்போதும் சேர்ந்து நிற்கும் இரண்டு பேரும் வரவில்லை. ஒரு பிள்ளையைச் சபைக்குள் கொண்டுவர எவ்வளவு நாள் ஆகும் என்று வட்டம் போட்டவருக்குத் தெரியாது. வெளியே அனுப்ப ஒரு நிமிஷம் போதும் என்பது நன்றாகத் தெரிந்திருக்கிறது.

கடைசியாக, கமிட்டி விஷயம். இனி ஒவ்வொரு நடனத்துக்கும் முன்னால் பிள்ளைகளின் உடையைப் பார்வையிட மூத்த சகோதரர்கள் சிலரும் நானும் கொண்ட ஒரு குழு அமைத்திருப்பதாக நேற்று அறிவிப்பு வந்தது. என்னைக் கேட்காமலே என் பெயரைப் போட்டிருக்கிறார்கள். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி ஆண்கள் உட்கார்ந்து உடை பார்க்கும் இடத்துக்கு நான் வர மாட்டேன், அவர்களையும் அனுப்ப மாட்டேன். என் பெயரை எடுத்துவிடுங்கள். தையற்காரருக்குத் தர வேண்டிய பாக்கியைச் சபைக் கணக்கில் எழுத வேண்டாம், நானே கொடுத்துக்கொள்கிறேன்.