வெள்ளைக்காரன்ட சட்டமா இது?

போன மாதம் ஒரு பிறந்தநாள் விழா. கேக் வெட்டுவதற்கு முதலே ஒரு சின்னவன் ஓடிப்போய் விரலால் ஐசிங்கை வழித்துவிட்டான். தகப்பன் கையை ஓங்கினார். பக்கத்தில் இருந்த மாமா ஒருவர் அந்தக் கையைப் பிடித்து, "விடுங்க தம்பி, இது வெள்ளைக்காரன்ட நாடு. இங்க பிள்ளைக்குக் கை வைக்க ஏலாது" என்றார். மேசையே சிரித்தது. நானும்தான்.

வீட்டுக்கு வரும்போது காரில் அந்த வசனம் உறுத்திக்கொண்டே வந்தது. "வெள்ளைக்காரன்ட நாடு" என்பதை விடுவோம், அது எங்களுக்கு வாய்ப்பழக்கம். பிள்ளையை அடிக்காமல் வளர்ப்பது வெள்ளைக்காரன் கப்பலில் ஏற்றிவந்த பழக்கமா? (சட்டப்படி பார்த்தாலும் மாமா சொன்னது முழுக்கச் சரியில்லை. கனடாவின் குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு பெற்றோருக்குக் கொஞ்சம் இடம் விட்டுவைத்தது, 2004இல் உச்ச நீதிமன்றமும் அதைத் தள்ளிவிடவில்லை. அது வேறு கதை.)

எனக்கு ஞாபகம் வந்தது 1633இல் கியூபெக்கில் நடந்த ஒரு சம்பவம். அப்போது கியூபெக் நகரமில்லை. ஆற்றங்கரையில் சில மரக்கட்டடங்கள், விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள், அவ்வளவுதான். ஒரு பிரெஞ்சுச் சிறுவன் மேளம் அடிக்கிறான். பூர்வகுடி ஆள் ஒருவர் வேடிக்கை பார்க்கக் கிட்டப் போகிறார். பையன் மேளக்குச்சியால் அவர் தலையில் ஒன்று போட, ரத்தம் வழிகிறது. அவருடைய ஆட்கள் வந்து நியாயம் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட நியாயம் காயத்துக்கு ஈடாகப் பரிசுப்பொருள், அதுதான் அவர்களுடைய முறை. பிரெஞ்சுக்காரரோ, எங்கள் முறை வேறு, தப்புச் செய்தவனை உங்கள் கண்முன்னாலேயே சவுக்கால் அடிப்போம் என்று பையனின் சட்டையைக் கழற்றத் தொடங்குகிறார்கள். சும்மா வெருட்டுகிறார்கள் என்று நினைத்தவர்களுக்கு, நிசமாகவே அடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் பதறிவிட்டது. சின்னப் பிள்ளை, அறியாமல் செய்துவிட்டான், விட்டுவிடுங்கள் என்று கெஞ்சுகிறார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர் தன் போர்வையைக் கழற்றிப் பையன்மேல் போட்டு மூடிவிட்டு, அடிப்பதென்றால் என்னை அடி, இவனை அடிக்க விடமாட்டேன் என்று வெற்றுடம்போடு முன்னால் நிற்கிறார். பையன் தப்பிவிட்டான்.

மண்டை உடைந்தது அவர்களுடைய ஆளுக்கு. காப்பாற்றப்பட்டது பிரெஞ்சுப் பிள்ளை. அடியாத மாடு பணியாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு இதை முதல் தரம் வாசித்தபோது ஒரு மாதிரியாகிவிட்டது.

இதை எழுதிவைத்தவர் போல் லு ஜூன் என்ற இயேசுசபைப் பாதிரியார். கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். 1633-34 குளிர்காலம் முழுக்க இன்னு என்ற பூர்வகுடி மக்களோடு காட்டில் அலைந்து, அவர்களோடு பட்டினி கிடந்து, அவர்களுடைய மொழி படிக்க முயன்றவர். ஆனால் அந்தப் போர்வையைப் பார்த்துவிட்டு அவருக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இந்த மக்கள் பிள்ளையைத் தண்டிக்கவும் மாட்டார்கள், தண்டிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கவும் மாட்டார்கள், இது எங்கள் கல்வித் திட்டத்துக்குப் பெரிய தொல்லையாக இருக்கப்போகிறது என்ற கவலைதான். அதற்கு அவர் கண்ட வழி, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து தூரத்தில் உள்ள ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ப் படிப்பிப்பது.

இந்த யோசனையை எங்கேயோ கேட்டமாதிரி இருக்கிறதா? இருநூறு சொச்சம் வருடம் கழித்து, பிரெஞ்சுக்காரர் போய் ஆங்கிலேயர் வந்து கனடா என்று ஒரு நாடும் ஆன பிறகு, அரசும் திருச்சபைகளும் சேர்ந்து வதிவிடப் பாடசாலைகளை நடத்தின. 150,000 பூர்வகுடிப் பிள்ளைகள்வரை பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். அடி, பட்டினி, தாய்மொழி பேசினால் தண்டனை. கடைசிப் பாடசாலை மூடப்பட்டது 1990களின் கடைசியில், எங்கள் ஆட்கள் இங்கே வந்து வீடும் வாங்கத் தொடங்கிவிட்ட காலத்தில். பிள்ளைமேல் கை வைக்கக் கூசிய மக்களின் பிள்ளைகளை அடித்து வளர்த்த நாட்டைப் பார்த்துத்தான் நாங்கள் "வெள்ளைக்காரன் பிள்ளைக்கு அடிக்க விடமாட்டான்" என்கிறோம்.

சரி, நாங்கள் இருக்கும் இந்த மண்ணின் பூர்வகுடிகள் யார்? ரொறன்ரோவில் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தொடக்கத்தில் இந்த மண் எந்தப் பூர்வகுடிகளுடையது என்று சொல்லும் ஒரு நில அங்கீகாரம் வாசிப்பார்களே. எங்கள் தமிழ் விழாக்களிலும் தமிழ்த்தாய் வாழ்த்து முடிந்ததும் அதை வாசிக்கிறார்கள். அந்த நேரத்தில்தான் எல்லோரும் ஃபோனை எடுக்கிறோம். அதில் வரும் பெயர்களில் ஒன்று வெண்டாட். பிரெஞ்சுக்காரர் அவர்களுக்கு வைத்த பெயர் ஹூரோன். அது அவ்வளவு மரியாதையான பெயர் இல்லை.

கோடையில் வசாகா கடற்கரைக்கு மீன் வறுவலும் புட்டும் கட்டிக்கொண்டு போகிறோமே, அந்தப் பக்கம்தான் 1600களின் தொடக்கத்தில் வெண்டாட் மக்களின் நாடு. சிம்கோ ஏரிக்கும் ஜோர்ஜியன் விரிகுடாவுக்கும் நடுவில் 20,000 பேருக்குக் குறையாமல் வாழ்ந்தார்கள். அலைந்து திரிந்த வேட்டைக்காரர்கள் அல்ல, கமக்காரர்கள். சோளம், அவரை, பூசணி மூன்றையும் சேர்த்துப் பயிரிட்டார்கள். தோட்ட வேலை பெண்களுடையது. காடு வெட்டி நிலம் திறப்பதும், மீன்பிடியும், வேட்டையும், தூர தேசத்து வியாபாரமும் ஆண்களுடையவை. மண் சோர்ந்து, கிட்டத்தில் விறகும் தீர்ந்துபோனால் பத்து இருபது வருடத்தில் ஊரையே தூக்கி வேறு இடத்தில் வைப்பார்கள்.

வீடு என்பது வளைத்துக் கட்டிய கம்புகளுக்கு மேல் மரப்பட்டை போர்த்திய ஒரு நீளக் கூடாரம். நடுவில் வரிசையாக அடுப்புகள், ஓர் அடுப்புக்கு இந்தப் பக்கம் ஒரு குடும்பம், அந்தப் பக்கம் ஒரு குடும்பம். கூரையிலிருந்து சோளக்கதிர்க் கொத்துகள் தொங்கும். 1623இல் அங்கே போய்த் தங்கிய கபிரியேல் சகார் என்ற துறவி புகை, தெள்ளுப்பூச்சி, எலி என்று ஒரு பாட்டம் புலம்பியிருக்கிறார். சாப்பாடு சோளக்கூழ், அதில் மீனை இடித்துப் போடுவார்கள். எனக்கு ஒடியற்கூழ் ஞாபகம் வந்தது. சகாருக்கு முதலில் இறங்கவில்லை, பிறகு பழகிக்கொண்டார்.

அந்த நீளவீட்டுக்குள் யார் இருந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிய விசயம். ஒரு தாய், அவளுடைய பெண்மக்கள், பேத்திகள், அவர்களைக் கட்டிவந்த மாப்பிள்ளைமார். கரடி, ஆமை, ஓநாய், மான் என்று குடிகள். பிள்ளை தாயின் குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை. தலைவனுடைய பதவி அவனுடைய மகனுக்குப் போகாது, சகோதரியின் மகனுக்குப் போகும்.

மட்டக்களப்பில் பிறந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையா? எங்கள் குடியும் தாய்வழிதானே. கோயில் வண்ணக்கர் பதவிக்கும் குடி பார்க்கிறோம்தானே. மாப்பிள்ளை பெண்வீட்டுக்குத்தானே வந்தார். எனக்கு வெண்டாட் மக்களைப் பற்றி வாசிக்கும்போது தூரதேசத்துக் கதை வாசிக்கிற உணர்வே வரவில்லை. ஆனால் சாம்ப்ளேன், 1608இல் கியூபெக்கை நிறுவிய அதே ஆள், 1615-16 குளிர்காலத்தை வெண்டாட் ஊரில் கழித்துவிட்டு இதற்கு எழுதிய விளக்கம் என்னவென்றால், தகப்பன் யார் என்று நிச்சயமில்லாததால் இப்படிச் செய்கிறார்களாம். பெண்களின் வீட்டில் தங்கி, பெண்கள் விளைவித்த சோளத்தைச் சாப்பிட்டுவிட்டு எழுதியது.

பிச்சைக்காரர் விசயம் இன்னொன்று. வெண்டாட் ஊர்களில் பசித்தவன் எந்த வீட்டுக்குள்ளும் போய்ச் சாப்பிடலாம், ஆகவே பிச்சை எடுக்கிறவர் என்று யாருமே இல்லை என்கிறார் சகார். பிரான்சில் பிச்சைக்காரர் ஏராளம் என்று கேள்விப்பட்டபோது அவர்களுக்கு அது வெட்கக்கேடாகத் தெரிந்ததாம். அவர்களுடைய கொலை வழக்கும் அப்படித்தான். கொன்றவனைக் கொல்வதற்குப் பதிலாக அவனுடைய ஆட்கள் எல்லோரும் சேர்ந்து ஈடு கொடுக்கவேண்டும். செத்தது ஆண் என்றால் 30 பரிசுகள், பெண் என்றால் 40. குற்றவாளியின் சொந்தக்காரருக்கே பொறுப்பு என்பதால் அவர்களே அவனை அடக்கிவைப்பார்கள். இதைக் கண்ணால் பார்த்து எழுதிய அதே பாதிரிமார், இவர்களுக்குச் சட்டம் இல்லை என்றும் எழுதினார்கள்.

தேவலோகம் என்று நான் சொல்லவரவில்லை. போரில் பிடித்துவந்தவனை இரவு முழுக்க நெருப்பால் வதைத்த கதைகளும் அதே பக்கங்களில் இருக்கின்றன, வாசித்தால் நித்திரை வராது. அதே காலத்தில் பாரிஸ் சதுக்கத்தில் மனிதனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்தார்கள் என்பதையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது "கண்டுபிடித்தார்கள், வென்றார்கள்" என்ற கதையில். முதல் நூறு வருடம் பிரெஞ்சுக்காரர் வென்றவர்கள் இல்லை, விருந்தாளிகள். மோசமான விருந்தாளிகள். ஜாக் கார்ட்டியே 1534இல் வந்து, கேட்காமல் முப்பது அடிச் சிலுவை நட்டார். வேறொரு பூர்வகுடியின் தலைவர் தொனகோனா ஓடத்தில் வந்து, இது எங்கள் மண் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். கார்ட்டியே அவருடைய இரண்டு மகன்களையும் பிரான்சுக்குக் கொண்டுபோனார். அடுத்த வருடம் திரும்பிவந்து ஸ்டாடகோனாவில், இன்றைய கியூபெக்கில், குளிர்காலத்தைக் கழித்தபோது ஆட்களுக்கு ஸ்கர்வி நோய். பல்முரசு அழுகி, கால் வீங்கி, 110 பேரில் 25 பேர்வரை செத்தார்கள். மிச்சப் பேரைக் காப்பாற்றியது, கடத்திக்கொண்டுபோன அதே மகன்களில் ஒருவரான தொமகாயா சொல்லிக்கொடுத்த மரப்பட்டைக் கசாயம். சில நாளில் எழுந்து நடந்தார்கள். 1536 வசந்தத்தில் கார்ட்டியே அதற்குச் செய்த கைம்மாறு, தொனகோனாவையும் அவரோடு இன்னும் ஒன்பது பேரையும் பிடித்துக் கப்பலில் ஏற்றியது. ஒரு சிறுமியைத் தவிர எல்லோரும் பிரான்சில் செத்துப்போனார்கள். கனடா என்ற பெயர்கூட அந்த மக்களின் மொழியில் "ஊர்" என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்ததுதான்.

வெண்டாட் நாட்டின் முடிவைச் சுருக்கமாகச் சொல்கிறேன், விரித்துச் சொல்ல மனமில்லை. 1634இலிருந்து ஆறு வருடத்துக்குள் தொற்றுநோய்கள் திரும்பத் திரும்ப வந்தன, கடைசியில் அம்மை. 1640இல் பாதிப்பேர்கூட இல்லை. சாகப்போகிற குழந்தைகளுக்குப் பாதிரிமார் ஓடி ஓடி ஞானஸ்நானம் கொடுத்ததால், அந்தத் தண்ணீர்தான் கொல்கிறது என்று சனங்கள் பயந்தார்கள். துப்பாக்கி வேண்டுமென்றால் மதம் மாறவேண்டும் என்பது பிரெஞ்சுக்காரரின் ஏற்பாடு. எதிரிகளான ஹோடெனோசோனி மக்களுக்கு டச்சுக்காரர் வழியாகத் துப்பாக்கி தாராளம். 1649இல் நாடு உடைந்தது. தப்பியவர்களில் ஒரு பகுதி கியூபெக்குக்குப் போனது. அவர்களுடைய சந்ததி இன்றும் அங்கே வெண்டாக்கேயில் இருக்கிறது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஊர் இடம் மாறும்போது, அதுவரை செத்தவர்களின் எலும்புகளை எடுத்து, பெண்கள் துப்புரவாக்கி, நீர்நாய்போல ஆற்றில் வாழும் பீவரின் தோலில் சுற்றித் தோளில் சுமந்துவந்து, எல்லோரையும் ஒரே குழியில் கலந்து அடக்கம் செய்வார்கள். 1636இல் ஒசொசானே ஊரில் நடந்ததை பிரெபூஃப் என்ற பாதிரியார் கூடவே நின்று பார்த்து எழுதினார். அந்த இடத்தில் மட்டும் அவருடைய எழுத்தில் இளக்காரம் இல்லை. 1940களின் கடைசியில் ஆய்வாளர்கள் அந்தக் குழியைத் தோண்டினார்கள், எலும்புகள் அரை நூற்றாண்டு அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1999இல் பல இடங்களிலிருந்து வந்த சந்ததியினர் கூடி அவற்றைத் திருப்பி அதே மண்ணில் புதைத்தார்கள். ஓர் எலும்புகூடக் கையில் கிடைக்காமல் காத்திருக்கும் வீடுகள் எங்கள் ஊரில் இருப்பதாலோ என்னவோ, இதை நான் இரண்டு தரம் வாசித்தேன்.

அப்படியான ஒரு குழி ஸ்காபரோவிலேயே இருக்கிறது. லோரன்ஸ் தெருவும் பெல்லமி தெருவும் சந்திக்கிற இடத்துக்குக் கிட்ட, வீடுகளுக்கு நடுவில் டேபர் ஹில் என்ற புல்மேடு. 1956இல் கட்டட வேலைக்கு மண் வெட்டும்போது தெரியவந்தது. சுமார் 500 பேர் அங்கே ஒன்றாகக் கிடக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் வருவதற்கு வெகுகாலம் முதல் புதைக்கப்பட்டவர்கள். நான் எத்தனை வருடம் அந்த வழியால் சாமான் வாங்கப் போயிருக்கிறேன்!

நேற்று அந்த மாமாவுக்கு ஃபோன் எடுத்து, சனிக்கிழமை ஓர் இடத்துக்கு நடந்து போவோமா என்று கேட்டேன். எங்கே என்று சொன்னேன். "அதுல என்ன மனே இருக்கு, வெறும் புல்லுத்தானே" என்றார். பிறகு, பத்து மணிக்கு வாறன் என்றார்.